கவருக்கு எத்தனை மார்க்?

பிள்ளைகளா, தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் சேர்க்கை மேசையில் ஒரு குமாஸ்தாவைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மைக்கறை. எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் பெயரையும் தகப்பன் பெயரையும் ஒரு மர ஸ்கேலால் மறைத்துவிட்டு, மார்க்கை மட்டும்தான் பார்ப்பார்.

ஒரே ஒரு இடம் மிச்சம். என் மகள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் நான். கப்பல் ஏஜென்ட் முதலாளி கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை மெல்ல நீட்டினேன்.

"இந்தக் கவருக்கு எத்தன மார்க், அண்ணாச்சி?" என்று கேட்டு, குமாஸ்தா அதைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தார்.

வரிசையே சிரித்தது. அவர் மீதி விண்ணப்பங்களையும் பார்த்து முடித்தார். அதிக மார்க் இருந்த தாளின் மேலிருந்து ஸ்கேலை எடுத்துப் பெயரை வாசித்தார். என் மகள் பெயர்!

"லெட்டர் வேல செஞ்சிட்டுல்லா!" என்றார் பின்னால் ஒருவர். மகள் தலை குனிந்தாள்.

குமாஸ்தா எழுந்து நின்று, அவள் மார்க்கை உரக்கச் சொல்லி, கவரைத் தூக்கிக் காட்டினார்.

"ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கு, எல்லாரும் பாத்துக்கிடுங்க. இது இந்தப் பிள்ள படிச்சு வாங்குன சீட்டு. நீங்கதான் அதக் கெடுக்கப் பாத்திய, அண்ணாச்சி" என்றார் என் பக்கம் திரும்பி.

அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அவர் திருப்பிக் கொடுத்த அந்தக் கவர் இன்னும் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. பெற்ற நான் நம்பாத மார்க்கை அந்த மனிதர் நம்பினார்.