முறத்தில் கலந்த கேழ்வரகு

அம்மா பிறந்தது திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில். அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்து, ஸ்ரீபெரும்புதூரில் சரோஜா அம்மாள் வீட்டுப் பின்பக்கப் போர்ஷனில் வாடகைக்குக் குடியேறினார்கள். பேச்சு மட்டும் மாறவில்லை. "சொல்லுதிய, வாரிய" என்றுதான் கடைசிவரை பேசினார்கள். அந்தப் பேச்சே எங்களைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது.

1991இல் எங்கள் ஊரில் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட பெருந்துயரத்தை அனைவரும் அறிவீர்கள். அதன்பின் வெளியூர்க் குடித்தனக்காரர் என்றாலே விசாரணைதான். அம்மாவின் பேச்சைக் கேட்டு, கடல் தாண்டி வந்தவர்களோ என்று குழாயடியில் குசுகுசுத்தார்கள். சரோஜா அம்மாள் பயந்த சுபாவம். ஆனி மாதப் பாதியில் வந்து நின்றார்.

"தப்பா நெனச்சிக்காத. ஆடி பொறக்கறதுக்குள்ள வூட்ட காலி பண்ணிடு. போலீசு கேட்டா நா இன்னான்னு சொல்றது?"

ஆடியில் யாரும் புது வீடு குடிபோக மாட்டார்கள். ஆனிக்குள் கிடைக்காவிட்டால் நடுத்தெருதான். அப்பா வடக்கே லோடு ஏற்றிப் போயிருந்தார்கள், சொல்லியனுப்ப வழியில்லை. தம்பியை இடுப்பிலும் என்னைக் கையிலும் பிடித்துக்கொண்டு, படப்பை, பிள்ளைப்பாக்கம் என்று அம்மா அலைந்தார்கள். வாய் திறக்கும்வரை வீடு காலியாக இருக்கும். திறந்ததும் "நேத்துதான் ஆள் வந்தாங்க" என்பார்கள். "இன்னா, வூடு கீதா?" என்று இந்த ஊர்ப் பேச்சைக்கூடப் பழகி அம்மா பேசிப் பார்த்தார்கள், பாவம். சந்தேகம்தான் கூடியது. பஸ்ஸில் திரும்பும்போது, ஆனியில் இன்னும் எத்தனை நாள் என்று அம்மா விரல்விட்டு எண்ணுவார்கள்.

ஆனி முடியப்போகையில், அம்மன் கோயில் ஆடிக் கூழுக்குத் தானியம் வாங்க இட்லிக்கடை கன்னியம்மா அக்கா முறத்தோடு வந்தார். தெருவில் அடுப்பெரியும் வீடெல்லாம் கேழ்வரகு தர வேண்டும். தந்த வீட்டை விலக்கக் கூடாது என்பது தெருவின் கட்டு.

"நாங்கதான் போப்போறோமேக்கா, எங்கிட்ட எதுக்குக் கேக்குதிய?" என்றார்கள் அம்மா.

"உன் வூட்ல அடுப்பு எரியுதா இல்லியா? எரிஞ்சா குடு."

அம்மா கேழ்வரகை அள்ளிப் போட்டார்கள். அக்கா நேராக சரோஜா அம்மாள் முன் போய், அவர் கண்ணெதிரே மற்ற வீட்டுத் தானியத்தோடு கையால் கலந்தார்.

"இதுல எது உன் வூட்டுது, எது அவ வூட்டுதுன்னு பொறுக்கிக் குடு. அப்பறம் காலி பண்ணச் சொல்லு. போலீசு வந்தா நா பதில் சொல்றேன்."

சரோஜா அம்மாள் முறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆத்தா குத்தம் எனக்கு வேணாம்மா. இருந்துட்டுப் போவட்டும்."

சொன்னபடியே, போலீஸ்காரர் வந்த அன்று அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

அம்மா ஆயுள் முழுக்க அங்கேயே இருந்தார்கள். என் கல்யாணம், தம்பி ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தது, அப்பாவின் மறைவு எல்லாம் அதே போர்ஷனில்தான். ஆனாலும் ஆனி வந்தால் அம்மாவுக்குத் தூக்கம் கெடும். "வீட்டுக்காரம்மா ஏதும் சொன்னாவளா?" என்று கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அம்மா கண்மூடிய காலையில், அழுகைக்கு முன் எனக்கு வந்தது அதே பயம். வாடகை வீட்டில் உடலை வைக்க எத்தனை பேர் விடுகிறார்கள்? சரோஜா அம்மாளுக்குப் போன் செய்தேன். அவர் முடிக்கவிடவில்லை.

"இன்னாடி பேசற? அவ வூட்டுக்கு அவள இட்டுகினு வர்றதுக்கு என்னாண்ட எதுக்குக் கேக்கற?"

பந்தல் போட்ட தெருவாருக்கும், தள்ளாத வயதிலும் வந்து உடனிருந்த கன்னியம்மா அக்காவுக்கும், சரோஜா அம்மாளுக்கும் எங்கள் வணக்கம். இன்றோடு துக்க ஆண்டு முடிகிறது. துக்கத்தால் சென்ற ஆடியில் எங்கள் வாசலுக்கு வராத முறம், வருகிற ஆடிக்கு வரட்டும். கேழ்வரகு எடுத்து வைத்திருக்கிறோம்.