ஹிள்ரு துறையில் ஒரு பெயர்

"சஜ்ஜாத் செத்துட்டான்மா. இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் அதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகணும்."

ருசுல் இப்படி வெடித்தபோது அவள் அம்மா கத்திரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"உன் வாயில மண்ணு விழ. பொணத்தைப் பார்த்தியா நீ? நான் பார்க்கல. பார்க்காததைப் பேசாதே."

அவ்வளவுதான். அடுத்த வில்லையை எடுத்து எண்ணெயில் போட்டாள்.

பட்டாளத்துக்குப் போன மகன். வடக்கே சண்டைக்குப் போனவன் ஒருநாள் போனில் பேசினான், மறுநாள் பேசவில்லை, அப்புறம் பேசவே இல்லை. உடம்பும் வரவில்லை, சேதியும் வரவில்லை. சண்டை முடிந்தது, பாக்தாத் தெருவெல்லாம் கொடி பிடித்து ஆடி ஓய்ந்தது. உம் சஜ்ஜாத் மட்டும் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். சஜ்ஜாத்தின் அம்மா என்று, மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் தெருவே அவளைக் கூப்பிடும். அந்தப் பேரில் ஆள் இல்லை என்று எப்படி ஒப்புக்கொள்வாள்?

ருசுலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அண்ணனுக்காக வாய்விட்டு அழ வேண்டும். அந்த வீட்டில் அழுதால் அவளே அவனைக் கொன்ற மாதிரி ஆகிவிடும். அதனால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, துண்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். தண்ணீரும் அடிக்கடி நின்றுபோகிற ஊர்.

அவளை அழகி என்று சொல்ல முடியாது. மூக்கு கொஞ்சம் அதிகம், வாய் ரொம்பவே அதிகம். பாக்தாத்தின் மேற்குக் கரையான கார்க்கில், ஆற்றுக்கு இரண்டு சந்து தள்ளிப் பிறந்தவள். அப்பா தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். அவர் போன பிறகு வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டியது இவள்தான். அப்படியே போய் இயந்திரப் பொறியியலில் சேர்ந்தாள். கைக்கு எப்போதும் கிரீஸ் நாற்றம். பெண் கேட்டு வந்த ஒருத்தி அதை மோந்து பார்த்துவிட்டுத் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள்.

கடைசி வருடத்தில், போரில் இறந்தவர்கள் நினைவாக ஒரு பொருள் செய்து வரச் சொன்னார்கள் கல்லூரியில். ஒரு குழு கான்கிரீட்டில் கை வார்த்தது. இன்னொரு குழு புறாவா கோழியா என்று தெரியாத ஒன்றை வார்த்தது. ருசுல் பல நாள் எதுவும் செய்யவில்லை.

பிறகு ஒரு கனவு வந்தது. ஆறு பால் மாதிரி அசையாமல் கிடந்தது. அக்கரையிலிருந்து சஜ்ஜாத் தண்ணீர்மேல் நடந்து வந்தான். அவன் கால் பட்ட இடமெல்லாம் ஒரு சுடர் முளைத்தது. தலைமுடி சொட்டச் சொட்ட நின்று, "என் செருப்பு எங்கடி?" என்றான். அவள் வாய் திறப்பதற்குள் விடிந்துவிட்டது. எழுந்து காகிதத்தில் அந்தச் சுடரை வரைந்தாள். அடியில் ஒரு மிதவையும் வரைந்தாள்.

ஈச்ச மட்டையின் அடிக்கட்டை வடிவில் மிதவை, கவிழாமல் இருக்க அடியில் ஈயக்குண்டு, எண்ணெய்த் திரி, காற்று புகாத கண்ணாடிக் கூண்டு, சுற்றிலும் பித்தளைப் பட்டை. பட்டையில் இறந்தவர் பெயர். கூட்டாளி கர்ரார் கல்லூரித் தொட்டியில் மின்விசிறியை வைத்து வீசிப் பார்த்தான், கையால் அலை அடித்துப் பார்த்தான். விளக்கு அணையவும் இல்லை, சாயவும் இல்லை.

"இன்ஜினியரம்மா, இது விளக்கா நீர்மூழ்கிக் கப்பலா? நம்ம அரசாங்கத்தை இதுமேல உட்கார வெச்சாக்கூடக் கவிழாது போல."

"நீ உட்காராதே. ஈயமே தாங்காது."

அதே மாதிரி பல விளக்குகள் செய்து, இறந்தவர்களின் குடும்பங்களிடம் கேட்டுப் பெயர்கள் பொறித்தார்கள். கடைசிப் பட்டையில் ருசுல், யாரிடமும் கேட்காமல், அண்ணன் பெயரைப் பொறித்தாள்.

ஷஅபான் மாதத்தில் ஊரார் ஆற்றில் ஹிள்ரு நபிக்கு விளக்கு விடும் மாலையன்று, அவர் பேரிலுள்ள படித்துறையில் தங்கள் விளக்குகளை விட்டுக்காட்டுவது என்று முடிவானது. அங்கேதான் பிசகினார்கள். ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைகள்தான், ஆனால் சின்ன வயதிலிருந்து மிதக்கிற விளக்கை மட்டும் பார்த்திருக்கிறார்களே தவிர, விட்டவளின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் துறையில் செத்தவர்களுக்கு யாரும் விளக்கு விடுவதில்லை. பிள்ளை வேண்டும், சிறையில் இருப்பவன் வர வேண்டும், ஓடிப்போனவன் திரும்ப வேண்டும் என்று கேட்டு விடுவார்கள். அணையாமல் ஆற்று வளைவைத் தாண்டினால் கிடைக்கும் என்று அர்த்தம்.

வெளிச்சம் மங்கி, தண்ணீரும் வானமும் ஒரே செம்பு நிறமாகக் கலந்திருந்த நேரம். பெண்கள் மருதாணியும் மணக்கொழுந்தும் வைத்த தட்டுகளோடு கரை முழுக்க நின்றார்கள். பட்டையில் பெயர்களைப் பார்த்ததும் முணுமுணுப்பு எழுந்தது.

"ஏம்மா, வரவேண்டியவங்களைக் கேட்டு நாங்க நிக்கிறோம். நீங்க போனவங்களைக் கொண்டுவந்து நடுவுல விடுறீங்களே," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

உம் சஜ்ஜாத்தும் வந்திருந்தாள். வருடா வருடம் வருபவள்தானே. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மகன் பெயர் மட்டும் தெரியும். வரிசையில் அந்த விளக்கின் முன்னால் நின்றாள். இப்போது அறைவாள், கத்துவாள் என்று ருசுல் காத்து நின்றாள். அம்மா விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நீ செஞ்சதா?"

"ஆமாம்மா."

"காத்துக்கு அணையாதா?"

"எதுக்கும் அணையாது."

"அப்ப எனக்கு எப்படிடி பதில் தெரியும்?"

ருசுல் குனிந்து கூண்டின் திருகைக் கழற்றினாள். கண்ணாடி கையோடு வந்தது. சுடர் படபடத்தது.

"இந்தக் கயிறு எதுக்கு?"

"திரும்ப இழுக்க."

"அவிழ்த்து விடு. கட்டிப் போட்டா எப்படிப் போவான்?"

"ருசுல், மார்க்கு போயிடும். காட்டுறதுக்கு ஒண்ணு குறையும்," என்றான் கர்ரார்.

"போகட்டும்."

அம்மாவும் மகளும் சேர்ந்தே தண்ணீரில் வைத்தார்கள். விளக்கு கொஞ்சம் தயங்கியது, பிறகு ஓட்டத்தோடு நழுவியது. ஊர்ப் பெண்கள் ஈச்ச மட்டையில் நட்டு விட்ட மெழுகுவர்த்திகள் அதைச் சூழ்ந்துகொண்டன. எல்லாமாகச் சேர்ந்து, தூங்கும் குழந்தை மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிப் போயின. தண்ணீர் எங்கே முடிகிறது, இருள் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு சுடர் அணைந்தது.

"அது நம்மது இல்ல," என்றாள் அம்மா.

"நம்மதுதாம்மா."

"உனக்கு அங்க தெரியுதா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல."

ருசுல் அங்கேயே, ஈரப் படியில் உட்கார்ந்து, அண்ணன் பெயரைச் சொல்லி அழுதாள். குழாய்ச் சத்தம் இல்லாமல், துண்டு இல்லாமல், ஊர் கேட்க அழுதாள். உம் சஜ்ஜாத் அவளை அதட்டவில்லை. தான் அழவும் இல்லை. மகளின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளே ருசுலைக் கிளப்பி ஷோர்ஜா சந்தைக்குக் கூட்டிப்போனாள். அபாயா என்ற மேலாடைக்குள் அவள் எப்போதும் உடுத்தும் பூப்போட்ட நீள அங்கி. துணிக்கடையில் உட்கார்ந்து, துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணியை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள்.

"சாயம் போகுமா?"

"போகாதும்மா. ரெண்டு துண்டு வெட்டட்டுமா, ஆளுக்கு ஒண்ணு?" என்று கேட்டான் கடைக்காரன்.

"ஒண்ணு போதும். அவளுக்கு மட்டும். அவ தங்கச்சி, அவ உடுத்துக்கட்டும். நான் உடுத்தறதா இல்ல."

கடைக்காரன் பதினெட்டாயிரம் சொன்னான். அம்மா எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். பதின்மூன்றாயிரம் தினாருக்கு முடிந்தது.