இரும்பனின் இடது கால்

என் தங்கை புருஷனுக்கு இரண்டு கால்களும் திடமானவை. கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்கிற மனிதர். ஆனால் எங்கள் லாண்டரிக்குள் வாடிக்கையாளர் நுழைந்தால் போதும், இடது காலைத் தரையில் இழுப்பார், நடுவில் நிற்பார், தலையை மெல்லத் திருப்பி, வலது கையை நெஞ்சில் வைப்பார். அதற்கப்புறம்தான் துணி கைக்கு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மாப்ள, கால ஒழுங்கா வச்சு நடங்க. பாக்கச் சகிக்கல," என்பேன். அவர் காதில் விழாது.

அவர் இளைஞராக இருந்தபோது ஒரு விண்வெளிப் படம் வந்தது. அதில் இரும்பன் என்று ஓர் இயந்திர மனிதன். அந்தத் தகரக் கூட்டுக்குள் இருந்தவர் இவர்தான். முகம் தெரியாது. குரலும் வேறொருவருடையது. நடந்தார், அவ்வளவுதான். அதிலும் இடது முழங்கால் கீல் இறுகிப்போய் மடங்க மறுத்தது. புதுக் கீல் வாங்க மனமில்லாத புண்ணியவான்கள் அப்படியே படம் பிடித்துத் தொலைத்தார்கள். படம் ஓடிவிட்டது. அந்த நடையில் போரின் வலி தெரிகிறது என்று ஒரு மேதாவி எழுதியும் விட்டான். துருப்பிடித்த கீலுக்கு என்ன வலி?

அடுத்து வந்த பாகங்களில் இவரைக் கூப்பிடவில்லை. இரண்டாவதில் இரும்பன் பாட்டுப் பாடினான். மூன்றாவதில் அவனுக்குக் கல்யாணம். நான்காவதில் கம்ப்யூட்டரில் வரைந்த இரும்பன் ஆகாயத்தில் பறந்தான், தியேட்டரில் ஈ பறந்தது. அதோடு தலைமுழுகிவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். அது பொறுக்காமல், இரும்பனை மறுபடி எழுப்பப் போகிறோம் என்று புதுக் கம்பெனி ஒன்று கிளம்பியது.

செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே இரும்பன் ரசிகர்களுக்கு ஓர் அறை உண்டு. பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் அங்கே கூடி, படம் பழைய வேருக்குத் திரும்புவதா, புதிதாக யோசிப்பதா என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நாட்டில் வேறு பிரச்சினையே இல்லை பாருங்கள். மாப்பிள்ளை வேர்க் கட்சி. "முதல் படத்துக்குப் போகணும். உண்மையான கூடு, உண்மையான நடை," என்று மேசையைத் தட்டுவார். வேர் என்று அவர் சொல்வது தன்னைத்தான் என்பது அந்த மேசைக்கே தெரியும்.

கம்பெனியும் வேருக்கே திரும்புவதாக அறிவித்தது. நடந்து காட்ட வரச்சொல்லி இவருக்கு அழைப்பு வந்தது. "அண்ணா, நீயும் கூடப் போ. இது கிடைக்கலேன்னா அவரு உடைஞ்சு போயிடுவாரு," என்றாள் தங்கை. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

டைரக்டர் பொடியன், முதல் படம் வந்தபோது தொட்டிலில் கிடந்திருப்பான். "சார், எங்களுக்கு எல்லாமே நீங்கதான்," என்று உருகினான். புதுக் கூட்டைக் காட்டினான். அசல் அச்சு. துருவைக்கூடப் பெயிண்டில் அடித்திருந்தார்கள். அந்தக் கீலையும் இறுகவைக்க ஓர் இன்ஜினியராம். கூடு மட்டும் பிளாஸ்டிக், தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை.

மாப்பிள்ளை அதை மாட்டிக்கொண்டு நடந்தார். இழுத்தார், நின்றார், தலையைத் திருப்பினார், கையை நெஞ்சில் வைத்தார். எங்கள் லாண்டரி நடைதான்.

"கை வேணாம் சார். நிக்கவும் வேணாம். முதல் படத்துல நடந்தீங்களே, அந்த மாதிரி."

"அந்த மாதிரிதானே தம்பி நடக்கறேன்."

பொடியன் பழைய காட்சியைத் திரையில் ஓடவிட்டான். அதில் இரும்பன் எங்கும் நிற்கவில்லை. தலையைத் திருப்பவில்லை. ஒரு தோள் சாய்ந்து, விழப்போகிறவன் விழாமல் சமாளித்துக்கொண்டு, அவசர அவசரமாகப் போனான்.

"உள்ள வெந்துகிட்டு இருந்தேன். எப்படா கழட்டுவாங்கன்னு போனேன்," என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

மறுபடி நடந்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. இன்னொரு முறை, கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நடந்தார். கால் தானாக நின்றது. ஊரில் உள்ள கடைத் திறப்பு விழாக்களில் எல்லாம் நடந்து நடந்து, கைதட்டல் வாங்கி வாங்கி, அந்த நடையை அவரே மெருகேற்றித் தொலைத்திருக்கிறார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இது இரும்பன் மாதிரி இல்ல."

"நான்தாம்ப்பா இரும்பன்."

"தெரியும் சார். ஆனா நாங்க ஒரிஜினலுக்குப் போறோம்."

இந்த ஜென்மங்களுக்கு வேரும் தெரியாது, விழுதும் தெரியாது. அந்தப் பிளாஸ்டிக் கூட்டை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, "வாங்க மச்சான், கடைய எவ்வளவு நேரம் பூட்டி வைக்கறது," என்று கூட்டிவந்துவிட்டார். அவர் கடையைப் பற்றிக் கவலைப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வழக்கமாக வரும் பேங்க் அம்மா புடவை வாங்க வந்தார். மாப்பிள்ளை நேராக நடந்துபோய், எடுத்துவந்து, கொடுத்தார்.

"என்னங்க, இன்னைக்கு இரும்பன் வரலியா?"

"இல்லீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா போனதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"மாப்ள, கால இழுத்தே நடங்க. பாக்கச் சகிக்கல."

அவர் காதில் விழவில்லை.