அறுபதாயிரம் ஃபோரிண்ட்

என் மனைவிக்கு நான்கு சட்டம் போட்டுத்தான் விமானம் ஏற்றினேன். கடையில் கார்டைத் தேய்க்காதே, நகல் எடுத்துவிடுவார்கள். பணம் வேண்டுமென்றால் வங்கிச் சுவரில் இருக்கும் ஏடிஎம்மில் மட்டும் எடு. பாஸ்போர்ட்டும் கார்டும் கழுத்துப் பையை விட்டு இறங்கக்கூடாது. ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே, உன் தங்கையிடம்கூட. ஹைதராபாத் குஷாய்குடா தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

"ஹவ், ஹவ். எல்லாம் ஞாபகம் இருக்கு, விடுங்க" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் தங்கை வியன்னாவில் நர்ஸ். என் மனைவி ஒரு மாதம் அங்கே தங்கப் போயிருந்தாள். கையில் இருந்த கார்டு அவளுடையது, அவளுடைய பள்ளிக்கூடச் சம்பளம் வந்து விழுந்த கணக்கு. ஆனால் வங்கியில் பதிந்திருந்த கைபேசி எண் என்னுடையது, செயலியும் என் போனில். எங்கள் வீட்டு வழக்கம் அது. அவள் சம்பாதிப்பாள், நான் எடுப்பேன். புறப்படுவதற்கு முந்தின வாரம்தான் தெருமுனை ஏடிஎம்முக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினேன். "அவசரப்படாதே, திரையைப் படி, படி" என்று நான் போட்ட சத்தத்தில் பின்னால் நின்றவர் வேறு ஏடிஎம் தேடிப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம் செகந்திராபாத் மார்க்கெட்டில் கோங்குராக் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்றரை மணி இருக்கும். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அவள் கார்டில் HUF 60000 எடுக்க முயற்சி, நிராகரிக்கப்பட்டது, நீங்கள் இல்லையென்றால் இந்த எண்ணுக்கு பிளாக் என்று அனுப்பவும்.

வியன்னாவில் யூரோதான் என்று எனக்குத் தெரியும். இந்த மூன்றெழுத்து எந்த ஊர்ப் பணம் என்று தெரியாது. அறுபதாயிரம் என்பது மட்டும் கண்ணில் அறைந்தது. யோசிக்கவே இல்லை, பிளாக் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு கீரைக்காரம்மாவிடம், "திருடன் கை வைக்கறதுக்குள்ள பூட்டிட்டேன் பாருங்க" என்று தெலுங்கில் பெருமையடித்துக்கொண்டேன். அந்தம்மாவும் மெச்சிக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் மனைவி வாட்ஸப்பில் கூப்பிட்டாள்.

"ஏங்க, மிஷின் பணம் குடுக்க மாட்டேங்குது. மொதல்ல லிமிட்டுன்னு என்னமோ காட்டிச்சு. கொறைச்சுப் போட்டேன், இப்ப கார்டே செல்லாதுங்குது."

"எங்க இருக்க நீ?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, "புடாபெஸ்ட்ல" என்றாள்.

காலையில் என்னிடம், பக்கத்து ஊருக்குப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். பக்கத்து ஊர் பக்கத்து நாட்டில் இருந்திருக்கிறது. தங்கை வாங்கிக் கொடுத்த ஒருநாள் சுற்றுலா டிக்கெட். ஒரு தேவாலயத்தைப் பார்த்துவிட்டு இவள் வேறு வாசல் வழியாக வெளியே வந்திருக்கிறாள், பேருந்து போய்விட்டது. சில்லறையும் சாப்பாடும் இருந்த பை பேருந்தோடு போயிற்று. வழி கேட்டுக் கேட்டு ரயில் நிலையம் வரை நடந்து வந்திருக்கிறாள்.

"வேற நாடுன்னு ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க லெக்சர் அடிப்பீங்க."

"டிக்கெட் கவுன்டர்ல கார்டைத் தேய்ச்சிருக்கலாமே!"

"நீங்கதானே தேய்க்காதேன்னீங்க."

லிமிட்டும் நான் வைத்ததுதான், ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய். அந்த அறுபதாயிரம் ஹங்கேரி ஃபோரிண்ட் நம் பணத்தில் பதினைந்தாயிரம் சொச்சம் என்று பிறகுதான் தெரிந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவளைச் சுட்டது.

"தங்கச்சிக்குப் போன் போட்டியா?"

"ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கா. மூணு மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டா." அங்கே மூன்று என்றால் இங்கே ஆறரை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏங்க, இங்க பாத்ரூம் போறதுக்கும் காசு போடணும். போட்டாத்தான் கதவு திறக்குது. நான் சர்க்கரைக்காரிங்க. ரொம்ப நேரம் தாங்காது" என்றாள்.

வங்கியின் உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். அவளுடைய இந்திய எண்ணுக்கு ரோமிங் போடவில்லை, தண்டச் செலவு என்று நான்தான் தடுத்திருந்தேன். ஸ்டேஷன் வைஃபையில் வாட்ஸப் மட்டும்தான் பேச முடிந்தது. என் போனில் அவள் இணைப்பில் இருந்ததால் கீரைக்காரம்மாவிடம் போனை இரவல் கேட்டேன். "லேலோ சாப்" என்று முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். அதில் வங்கியைப் பிடித்தேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று அலைக்கழித்து, கடைசியில் ஒரு பெண் வந்தாள். தவறுதலாகப் பூட்டிவிட்டேன், திறந்துவிடம்மா என்று இந்தியில் கெஞ்சினேன்.

"கார்டு மேடம் பேர்ல இருக்கு, சார். மேடம் பேசணும்."

"நான் அவங்க புருஷன். இந்தக் கணக்கைப் பாத்துக்கறதே நான்தான்."

"மேடம் பேசணும், சார்."

இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டுக் கீரைக் கட்டுகளின் மேல் நேருக்கு நேர் வைத்தேன். சுற்றி ஆட்டோ ஹார்ன். வங்கிப் பெண் பிறந்த தேதி கேட்டாள், மனைவி சொன்னாள். கணக்கு எந்தக் கிளையில் என்று கேட்டாள். "ஸ்கூலுக்குப் பக்கத்துல" என்றாள் மனைவி. அந்தக் கிளையிலிருந்து கணக்கை நான் மாற்றி ஆறு வருடம் ஆகிறது. கடைசியாக வரவு வந்த தொகை எவ்வளவு என்று கேட்டாள். மனைவிக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவள்.

"அவர்தான் பாத்துக்குவார்" என்றாள் கடைசியில், தப்பு செய்துவிட்ட குரலில்.

எனக்குப் பொறுக்கவில்லை. தொகையைக் கத்தினேன்.

"பக்கத்திலிருந்து யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். பாதுகாப்புக் காரணத்தால் இந்தக் கார்டு பற்றி இன்று மேலே பேச முடியாது" என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை. இதே காரியத்தைச் செய்ததற்காக நான் அவளுக்கு ஷொட்டு கொடுத்திருப்பேன், கார்டு வேறு எவனுடையதாவது இருந்திருந்தால்.

"இன்னொரு தடவை ட்ரை பண்றேன்" என்றேன்.

"நக்கோங்க, வேணாம். போதும். சார்ஜ் வேற எறங்குது."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. கையில் செயலி இருக்கிறது, அவள் பணம் முழுக்கத் திரையில் தெரிகிறது. அதிலிருந்து கரண்ட் பில் கட்டலாம், கேஸ் புக் பண்ணலாம், குகட்பள்ளியில் இருக்கும் என் அண்ணனுக்கு ஒரு நொடியில் அனுப்பலாம். அவளுக்கு ஒரு கதவு திறக்க ஒரு நாணயம் அனுப்ப முடியவில்லை. யாரிடமாவது கேள் என்று செய்தி அனுப்பினேன். 'வெக்கமா இருக்கு' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. ஐந்து மணிக்கு ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். வார்த்தை ஓடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறே முக்காலுக்கு மைத்துனி கூப்பிட்டாள். ரயில் டிக்கெட் எடுத்து அக்கா போனுக்கு அனுப்பிவிட்டதாகவும், அக்கா வண்டி ஏறிவிட்டதாகவும் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ரயிலில் சார்ஜ் போட்டுக்கொண்டு மனைவி பேசினாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாத்ரூம்..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. போய்த் துணி மாத்தணும், அவ்வளவுதான். கோட்டு நீளமா இருக்கறதால யாருக்கும் தெரியலை."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏங்க, என் கணக்குல மொத்தம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. செயலியைத் திறந்து பார்த்துச் சொன்னேன்.

"அவ்வளவா?" என்றாள்.

கோபத்தில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.