பெல்ட்டைத் தைத்த நாள்

எழுபதுகளின் கடைசியில் பண்ணைக்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் எனக்கு வேலை. பழம் உரிக்கிற கொட்டகையில் டீசல் இன்ஜின் ஓட்டினேன். இன்ஜினிலிருந்து உரிக்கும் மெஷினுக்கு அகலமான தோல் பெல்ட் ஒன்று போகும். மஞ்சு இறங்கினால் தோல் ஈரம் குடித்து நெகிழ்ந்துவிடும்; சக்கரம் சுற்றும், பெல்ட் வழுக்கும். நான் ஒரு பிடி குங்கிலியப் பொடி தூவுவேன். உடனே கவ்விக்கொள்ளும்.

கூட வேலை பார்த்தவர் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அங்கே தேயிலை ஆலையில் இருந்திருக்கிறார். ஆலையை ‘ஸ்டோரு’ என்பார். வந்த புதிதில், என்னைக் கேட்காமலே குங்கிலியத்தை மண்ணெண்ணெயில் துடைத்தெடுத்து, தோலில் ஈரம் ஏறாமலிருக்க பெல்ட்டுக்கு விளக்கெண்ணெய் தடவி வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

“ஒங்க சோலியப் பாருங்க. பெல்ட்டுல கை வைக்காதீங்க” என்றேன். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு அநேகமாக நின்றுபோனது.

ஒரு மார்கழிக் காலையில், பழம் குவிகிற நேரத்தில், பெல்ட் இணைப்பில் பிய்ந்தது. இரு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கிளிப்பே தோலை அறுத்திருந்தது. வாசலில் மூட்டை மூட்டையாகப் பழம். அன்றே உரிக்காவிட்டால் சூடேறிப் புளித்துவிடும். கிளிப் வாங்க வத்தலக்குண்டுக்குக் கிளம்பிய ஜீப், வழியில் மண் சரிந்து கிடந்ததால் திரும்பி வந்துவிட்டது.

“தச்சிருவோமாங்க?” என்று அவர்தான் கேட்டார்.

மூலைமட்டம் வைத்து இரு முனைகளையும் நேராக வெட்டினேன். கோணல் விழுந்தால் பெல்ட் சக்கரத்தை விட்டு ஓரம் கட்டும். அவர் பழைய தோலில் மெல்லிய வார் கீறி, குத்தூசியால் துளை போட்டார். பெல்ட்டுக்கு உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அவர். ஒருவர் நுழைத்த வாரை மற்றவர் இழுக்க வேண்டும். வாய் திறக்காமல் நடக்காது.

“இழுங்க... இன்னுங் கொஞ்சம்... போதும்.”

பாதித் தையலில் அவர் குனிந்தபடியே சொன்னார்: “ஸ்டோருல எங்க தம்பி சட்டைய இந்த மாதிரிக் கிளிப்புதாங்க புடிச்சது. பெல்ட்டுல குங்கிலியம் வேற. ஒட்டுன துணிய விடவே இல்ல.”

“கை?”

“மணிக்கட்டோட போச்சு.”

வாரை இழுக்கத் தோன்றாமல் நின்றேன். “இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லங்க?”

“சோலியப் பாருன்னுட்டீங்க. பொறகு எப்படிச் சொல்றது?” லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் இன்ஜினைக் கிளப்பினோம். தையல் சக்கரத்தின் மேல் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. இருட்டுவதற்குள் கடைசி மூட்டையும் காலியானது.

அந்த வாரமே பழைய பலகைகளை அறைந்து பெல்ட்டைச் சுற்றி இடுப்புயர வேலி போட்டோம். கணக்குப்பிள்ளை வந்து பார்த்து, “என்னப்பா, வழிய அடைச்சு வச்சிருக்கீங்க?” என்றார்.

“கொஞ்சம் சுத்திப் போங்க” என்றோம், இரண்டு பேருமே.