உள்ளே விட்ட துணி

நான் வந்து குடியேறிய ஹாலிஃபாக்ஸ் நகரத்து உடுப்புகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் திகைப்புதான். தையலுக்கு அப்பால் சுண்டுவிரல் அகலத்துக்குக்கூடத் துணி கிடையாது. உடம்பு பெருத்தால் என்ன செய்வார்கள்? புதிது வாங்கிக்கொள்வார்களாம். சங்கரன்கோவிலில் நான் தைத்த ஜாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு பக்கமும் மூன்று வரித் தையல் இருக்கும், அதற்கும் உள்ளே இரண்டு விரல் துணி இருக்கும். கல்யாணத்துக்குத் தைத்ததை இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் வரிவரியாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். துணி விடாமல் தைத்தால் எங்கள் ஊரில் சும்மா விடமாட்டார்கள், மிச்சத் துணியை டெய்லரம்மா அமுக்கிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

இங்கே வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு, பேண்டைக் குட்டையாக்குவதும் ஜிப் மாற்றுவதுமாகத்தான் என் தொழில் தொடங்கியது. முழு உடுப்பாக வந்த முதல் வேலை, லிண்டா என்ற அம்மாள் தன் மகளின் கல்யாணத்துக்குக் கேட்ட நீல கவுன். உயிரைக் கொடுத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் சுற்றிச் சுற்றி நின்றாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். பெருமை தாங்காமல் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “பிற்பாடு நீங்கள் குண்டானால் ஒரு வரியைப் பிரித்தால் போதும்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. “நான் குண்டாவேன் என்று உனக்கு யார் சொன்னது?” என்றாள். அந்தக் கல்யாணத்துக்காக ஒரு வருஷம் பட்டினி கிடந்து இளைத்தவளாம். உள்ளே விட்ட துணியைத் தன் கண் முன்னாலேயே வெட்டச் சொன்னாள். வெட்டினேன். அந்த நீலத் துண்டுகள் இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன.

அன்று பார்த்துத்தான் ஊரிலிருந்து தங்கச்சி மாரி கூப்பிட்டாள்.

மாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்யாணமாகி நான் இங்கே வரும்போது, ‘செல்வி லேடீஸ் டெய்லர்’ என்று என் பெயர் எழுதிய பலகையோடு கடையை அவளிடம் விட்டுவந்தேன். அவளுக்குக் கொக்கி கட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்தில் இழுத்து மூடிவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன். முதல் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த துணியை எல்லாம் வாங்கிப்போட்டு, மாரி பாதியைக் கெடுத்துவிட, கரிவலம்வந்தநல்லூர் டீச்சர் ஒருத்தி கடை வாசலில் நின்று மானத்தை வாங்கினாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நான் ஒரு கை கூடுதலாகச் சாப்பிட்டேன். கூடப்பிறந்தவள்தான், இருந்தும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அவள் மூடவில்லை. கெடுத்த ஜாக்கெட்டை எல்லாம் பிரித்துப் பிரித்தே வெட்டக் கற்றுக்கொண்டாள். அடுத்த தபசுக்குப் பத்து நாள் முன்னாலேயே “இனிமே வாங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் தேர் ஓடும் அன்றுகூட “நாளைக்கு வாங்கக்கா” என்று வாங்கிப் போட்டிருப்பேன். இப்போது நாலு மெஷின் ஓடுகிறது, பக்கத்து ஊரான திருவேங்கடத்திலிருந்துகூட பஸ் ஏறி வருகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

லிண்டா கதையைக் கேட்டு மாரி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெல்ல, “எக்கா, போர்டு பெயிண்ட் உரிஞ்சு போச்சு. புதுசா எழுதணும். வாரவுகள்லாம் மாரி கடை எங்கன இருக்குன்னுதான் கேக்காக. எம்பேரப் போட்டுக்கிடட்டுமா?” என்றாள்.

இந்த நாடு ஒத்துவராவிட்டால் திரும்பிப் போய் உட்கார எனக்கொரு கடை இருக்கிறது என்பதற்கு அந்தப் பலகை ஒன்றுதான் அத்தாட்சி. “நாளைக்குச் சொல்லுதேன்ட்டி” என்றேன். டெய்லர் சொல்லும் நாளை எது என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு மாதம் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு அவளிடமிருந்து பார்சல் வந்தது. அரக்குப் பட்டுச் சேலையும் அவளே தைத்த ஜாக்கெட்டும். குற்றம் கண்டுபிடிக்கவென்றே விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கழுத்தில் சுருக்கம் இல்லை, கைக்குழியில் பிசிறு இல்லை. போட்டுப் பார்த்தேன், கொக்கி எட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. கடை ஆணியில் நான் மாட்டிவிட்டு வந்த அளவு ஜாக்கெட்டை வைத்துத் தைத்திருக்கிறாள், அது கல்யாணத்துக்கு முந்தைய செல்வியின் உடம்பு.

உள்பக்கம் திருப்பினேன். நாலு வரித் தையல், மூன்று விரல் துணி. யாருக்கும் இவ்வளவு விடமாட்டார்கள். ஒரு வரி பிரித்தேன், போதவில்லை. இரண்டாவதையும் பிரித்தேன். மூன்றாவதையும் பிரித்த பிறகு கச்சிதமாக உட்கார்ந்தது. என்னைப் பார்க்காமலே என் அளவு எடுத்திருக்கிறாள். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

போனில் கூப்பிட்டேன். “ஏட்டி, உம்பேரையே எழுதிக்கோ.”

“சரிக்கா. ஆணியில தொங்குதே, ஒன் அளவு ஜாக்கெட், அத எடுத்துறட்டுமா? புது அளவு சொல்லு, எழுதிக்கிடுதேன்” என்றாள்.

“அது கெடக்கட்டும்” என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

அது அங்கேயே தொங்குகிறது. இங்கே அவள் தைத்த ஜாக்கெட்டில் இன்னும் ஒரு வரி பிரிக்காமல் இருக்கிறது.