சூசையின் அம்மா குத்திவிட்ட பதக்கம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், கடற்படை ரிசர்வ் அதிகாரியாக இருந்த எனக்குப் பதக்கம் வந்தது. அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் தூத்துக்குடியில் சூசையின் வீட்டுக்குப் போனேன். கண்ணிவெடியில் எங்கள் கப்பல் மூழ்கியபோது இறந்துபோன மாலுமி அவன்.

அவன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெடல் வந்துட்டாம்லா தம்பி, ஏன் குத்தல?"

"நான் மட்டும் பிழைச்சு வந்துட்டேன். உங்க முன்னால எப்படிம்மா?"

"உயிரோட வந்தது குத்தமாய்யா? எம்மவன்கூட நின்னவன் தலையக் குனிஞ்சு நடந்தா எனக்குல்லா கேவலம்!"

பதக்கத்தை வாங்கித் தன் கையாலேயே என் நெஞ்சில் குத்திவிட்டார். பிறகு கடற்கரைத் தெரு முழுக்க என்னுடன் நடந்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "இவரு எம்மவன் கப்பல் ஆபீசர்" என்றார். அவர் குரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை.

அதன்பின் பதக்கத்தை நான் ஒளித்ததே இல்லை. எப்படிக் கிடைத்தது என்று யார் கேட்டாலும், சூசையிலிருந்துதான் தொடங்குவேன்.